ஸோட்டெரோவின் சிவப்புப் பட்டையும் பப்பியர் நீட்டிப்பும்: காசு இல்லை, பயன் உண்டு, தாமதமும் உண்டு

ஸோட்டெரோ, ஆய்வுக் கட்டுரைகளைச் சேமித்து வைத்து மேற்கோள் போட உதவும் மென்பொருள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேற்கோள் பட்டியல் தானாக வந்து விழுவதைத்தான் புகழ்வார்கள். அது நன்றாக வேலை செய்கிறது, அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்க்கப்போவது அதற்குள்ளே பலர் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு வசதியை. நீங்கள் சேமித்து வைத்திருக்கும் ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட ஜர்னல் (ஆய்விதழ்) இனி நம்ப வேண்டாம் என்று திரும்பப் பெற்றுவிட்டால், அந்தப் பதிவின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை வந்து உட்காரும். அதோடு, வெளியான கட்டுரைகளைப் பற்றி யாரும் கருத்து எழுதக்கூடிய பப்பியர் தளத்தின் உலாவி நீட்டிப்பையும் சேர்த்தே எழுதுகிறேன், இரண்டையும் போட்டால்தான் முழுப் பயன். இரண்டுமே இலவசம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம், பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில், பல வருடமாக ஆய்வகங்களில் வேலை. செல் வளர்ப்பது, சாமான் ஆர்டர் போடுவது, புதிதாக வரும் பிஎச்டி பிள்ளைகளுக்குக் கருவிகளைப் பழக்கிவிடுவது, கட்டுரை அனுப்பும் நேரத்தில் மேற்கோள்களைச் சரிபார்ப்பது என்று எல்லாம் கலந்த பிழைப்பு. பேராசிரியர் இல்லை, ஆனால் பேராசிரியர்கள் கண்ணில் படாத பலது என் கண்ணில் படும். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

நிறுவுவதில் சிக்கல் எதுவும் இல்லை. தளத்திலிருந்து மென்பொருளை இறக்கி, உலாவியிலிருந்தே கட்டுரையைச் சேமிக்கும் கனெக்டரையும் போட்டுவிட்டால் முடிந்தது. இந்த எச்சரிக்கைக்கென்று தனியாக எதையும் இயக்க வேண்டாம், கணக்குத் திறக்கக்கூட வேண்டாம். சோதித்துப் பார்க்க ஆசையா, 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த வேக்ஃபீல்டின் கட்டுரையை உள்ளே சேர்த்துப் பாருங்கள், அதுதான் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 12 குழந்தைகள் கட்டுரை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, வலப்பக்கம் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை, அதற்குக் கீழே எப்போது, என்ன காரணத்துக்காகத் திரும்பப் பெற்றார்கள் என்ற விவரம், அறிவிப்புக்கான இணைப்பு. இடப்பக்கம் இப்படிப்பட்டவை எல்லாம் தனி அடுக்காகவும் சேர்ந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேர்டில் எழுதும்போது வரும் எச்சரிக்கை. திரும்பப் பெற்ற கட்டுரையை மேற்கோளாகப் போடப் போனால், நிஜமாகவே போடவா என்று நிறுத்திக் கேட்கும். நீங்கள் போட்ட பிறகு, மாதங்கள் கழித்து அது திரும்பப் பெறப்பட்டாலும், அடுத்த முறை மேற்கோள்களைப் புதுப்பிக்கும்போது சொல்லிவிடும். அந்தப் பதிவு உங்கள் நூலகத்தில் இல்லாமல் கூட்டாசிரியர் யாரோ சேர்த்ததாக இருந்தாலும் சரி, விடாது. ஐந்து நாட்டிலிருந்து எட்டுப் பேர் ஒரே ஆவணத்தில் கைவைக்கும் கட்டுரைகளை ஒருங்கிணைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தனியுரிமை பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: உங்கள் வாசிப்புப் பட்டியலை அப்படியே யாருக்கும் அனுப்பிவிடுவதில்லை. கட்டுரையின் அடையாள எண்ணைச் சுருக்கக் குறியாக மாற்றி, அதில் ஒரு சிறு துண்டை மட்டும் வைத்துக் கேட்டு, வருகிற பதிலை உங்கள் கணினியிலேயே ஒப்பிட்டுக்கொள்கிறது. நான் என்ன படிக்கிறேன் என்று யாருக்குத் தெரிந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றும், ஆனால் காப்புரிமை வேலையில் இருப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

குறையும் இங்கேதான். டிஓஐ எண்ணோ (கட்டுரைக்கென்று தரப்படும் நிரந்தர அடையாள எண்) பப்மெட் எண்ணோ (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம் தரும் எண்) இல்லாத பதிவுகளை இது கண்டுகொள்ளாது. கையால் தட்டச்சு செய்த பழைய பதிவுகள், யாரோ அனுப்பிய பிடிஎஃபை இழுத்துப் போட்டு விவரம் சரியாக ஏறாதவை, எல்லாம் பச்சைப் பிள்ளை மாதிரி சுத்தமாகத் தெரியும். சிவப்பு இல்லை என்பதற்காக எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள், முதலில் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. ஐவன் ஒரான்ஸ்கி, ஆடம் மார்க்கஸ் என்ற இரண்டு மருத்துவப் பத்திரிகையாளர்கள் 2010-ல் ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற வலைப்பதிவைத் தொடங்கினார்கள். ஜர்னல்கள் எந்தக் கட்டுரையை, ஏன் திரும்பப் பெறுகின்றன என்று தோண்டி எழுதுவதுதான் வேலை. அப்புறம் ஒவ்வொன்றையும் கையால் பதிந்து, காரணம் பிரித்து, 2018-ல் தரவுத்தளமாக வெளியிட்டார்கள். 2019-ல் ஸோட்டெரோ அதைத் தனக்குள் இணைத்தது. 2023-ல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அந்தத் தரவை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. கோடிக்கணக்கில் சந்தா வாங்கும் பதிப்பகங்கள் ஒன்றுகூடிச் செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு பத்திரிகையாளர்கள் தொடங்கிச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஏன் இப்படி ஒரு கருவி தேவைப்பட்டது என்றால், ஜர்னல் தன் பக்கத்தில் அறிவிப்புப் போடுகிறது, ஆனால் நம்மில் யார் ஜர்னல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறோம்? ஆய்வகத்தின் பொது டிரைவில் கட்டுரைகள் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், யாரோ ஒரு போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்து ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவர்) 2011-ல் இறக்கியது, அவர் இப்போது பாஸ்டனிலோ பெங்களூரிலோ இருப்பார், பிடிஎஃப் மட்டும் இங்கேயே இருக்கும். அந்தப் பிடிஎஃபுக்குத் தான் செல்லாக்காசாகிவிட்டது தெரியாது. 2005-ல் வந்த ஒரு மருத்துவச் சோதனை, ஒமேகா-3 நுரையீரல் நோயாளிகளுக்கு உதவுகிறது என்று சொன்னது, தரவு பொய் என்று தெரிந்து 2008-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டியவர்களை ஒரு குழு ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டது. எந்த இடத்தில் எப்படிக் குறிப்பிட்டார்கள் என்று பார்க்க முடிந்த 112 மேற்கோள்களில் 107, திரும்பப் பெறப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 96 விழுக்காடு.

இது வெறும் மேற்கோள் விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு மருத்துவமனைக் கதை. ஜெர்மனியின் யோவாக்கிம் போல்ட் மயக்க மருந்துத் துறையில் பெரிய பெயர். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ரத்த அளவைத் தாங்கிப்பிடிக்கச் சொட்டு சொட்டாக ஏற்றும் ஸ்டார்ச் திரவங்களைப் பற்றி ஏராளமாக எழுதியவர். அவருடைய கட்டுரைகள் கொத்துக் கொத்தாகத் திரும்பப் பெறப்பட்டன. 2013-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 38 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் ஸ்டார்ச் கொடுத்தவர்களுக்கும் மற்றத் திரவங்கள் கொடுத்தவர்களுக்கும் மரணத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. போல்டின் 7 சோதனைகளை மட்டும் எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால், ஸ்டார்ச் கொடுத்தவர்களில் மரணமும் சிறுநீரகச் செயலிழப்பும் அதிகம் என்று வந்தது. ஏழே ஏழு கட்டுரை, கையில் ஊசி குத்தியிருக்கும் நோயாளிக்கு எது ஏறுகிறது என்பதைத் தொடுகிறது. தொகுப்பாய்வு செய்யும் மருத்துவமனை நண்பர்களிடம் இந்தச் சிவப்புப் பட்டை இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, பட்டை வந்தால் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? இதை எந்த மென்பொருள் விமர்சனத்திலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மதுரையிலிருந்து வந்த ஒரு பையன், முதல் வருடம், அல்சைமர் பற்றி அறிமுகப் பகுதி எழுதிக்கொண்டிருந்தான். "அக்கா, இது நேச்சர் பேப்பர்க்கா, 2006, எல்லாரும் சைட் பண்ணியிருக்காங்க, இதுக்குப் போய் சிவப்பு காட்டுதே, சாஃப்ட்வேர் தப்பா?" என்றான். தப்பில்லை. அமிலாய்ட் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவம் எலிகளின் நினைவாற்றலைக் கெடுக்கிறது என்று சொன்ன மினசோட்டா கட்டுரை அது. படங்கள் திருத்தப்பட்டவை போலிருக்கின்றன என்று மேத்யூ ஷ்ராக் என்ற நரம்பியல் மருத்துவர் கண்டதை சயன்ஸ் இதழ் 2022 ஜூலையில் வெளியிட்டது, நேச்சர் திரும்பப் பெற்றது 2024 ஜூனில். சொன்னேன். கேட்டுவிட்டு அவன் கேட்டது: "அப்ப இதே பாயிண்ட்டுக்கு வேற எந்தப் பேப்பரப் போடலாம்?"

அவனைக் குறை சொல்லவில்லை. அவன் மேலதிகாரியும் அதையேதான் சொல்லியிருப்பார். நான் பார்த்த ஒவ்வோர் இடத்திலும் இதுதான் நடக்கிறது. பட்டை வந்ததும் மேற்கோள் எண் மாறுகிறது, வாக்கியம் அப்படியே இருக்கிறது. அந்த வாக்கியம் எதை நம்பி எழுதப்பட்டது, அது போனபின் இன்னும் நிற்கிறதா, மாற்றாகப் போடும் கட்டுரையும் அதே பழைய கட்டுரையின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கிராண்ட் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் போக வேண்டும். ஸோட்டெரோ இதில் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அதை நிறுவிவிட்டு "எங்கள் ஆய்வகத்தில் எல்லாம் சரிபார்க்கிறோம்" என்று மார்தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது, அதுவும் ஸோட்டெரோவின் குற்றமில்லை. பட்டை வருவதற்கு ஜர்னல் முடிவெடுக்க வேண்டும், ஜர்னல் முடிவெடுக்க வருடக்கணக்காகும். வேக்ஃபீல்ட் கட்டுரை முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது 2010 பிப்ரவரியில், 12 வருடம் கழித்து. கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்று உலகமெல்லாம் ஓட வைத்த மார்சே குழுவின் கட்டுரை 2020 மார்ச்சில் வந்தது, திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பரில். அதற்குள் கொரோனாவே பழங்கதை ஆகிவிட்டது. வேகமாக நடந்ததும் உண்டு. 2020 மே 22 அன்று லான்செட்டில், 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகள் என்று பிரம்மாண்டமாக, அதே மருந்து ஆபத்து என்று சொல்லி ஒரு கட்டுரை வந்தது, சர்ஜிஸ்பியர் என்ற சிறு நிறுவனத்தின் தரவை வைத்து. உலகச் சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையையே நிறுத்திவைத்தது. மூலத் தரவைக் காட்டுங்கள் என்று பலர் கேட்டார்கள், காட்ட முடியவில்லை, ஜூன் 4 அன்று கட்டுரை போய்விட்டது. 13 நாள். பார்க்கக் கண்கள் இருந்தால் இத்தனை சீக்கிரம் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஏதோ ஒரு புற்றுநோய்ச் செல்லில் ஏதோ ஒரு புரதத்தைப் பற்றிய கட்டுரைக்கு அத்தனை கண்கள் கிடைக்காது.

அந்த இடைவெளிக்குத்தான் பப்பியர். 2012-ல் தொடங்கிய தளம், வெளியான எந்தக் கட்டுரையைப் பற்றியும் யாரும் கருத்து எழுதலாம், பெயர் சொல்லாமலும் எழுதலாம். நீட்டிப்பைக் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ போட்டுவிட்டால், நீங்கள் பார்க்கும் பக்கத்தில் உள்ள கட்டுரைகளின் டிஓஐ எண்களை அது பப்பியரிடம் கேட்டு, கருத்து இருந்தால் மேலே ஒரு பட்டை காட்டும். பப்மெட்டில் தேடும்போதே தெரிந்துவிடுவதால் பிடிஎஃபை இறக்குவதற்கு முன்பே ஒரு முறை யோசிப்பீர்கள். ஸோட்டெரோவுக்குள்ளேயே இந்தக் கருத்துகளைக் காட்டும் செருகுநிரலும் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளலாம்.

பெயர் சொல்லாதவர்களுக்குத் தளம் ஏதாவது ஓர் உயிரினத்தின் அறிவியல் பெயரைக் கொடுக்கும். ஏதோ ஒரு பாக்டீரியாவும் ஏதோ ஒரு வண்டும் நான்காம் படத்தின் வெஸ்டர்ன் பிளாட்டைப் பற்றி (புரதங்களைக் கோடுகளாகக் காட்டும் படம்) சண்டை போட்டுக்கொள்வதைப் படிப்பது ராத்திரி வேளையில் நல்ல பொழுதுபோக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டில்லை. அந்தப் படத்தின் ஒரே கோட்டை வெட்டித் திருப்பி இரண்டு இடத்தில் ஒட்டியது, ஒரு பரிசோதனையின் நுண்ணோக்கிப் படம் வேறொரு பரிசோதனைக்கு வந்தது, இதையெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் இருவருடன் சேர்ந்து 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்து 2016-ல் வெளியிட்டதில் 3.8 விழுக்காட்டில் சிக்கலான படங்கள் இருந்தன, அவற்றில் குறைந்தது பாதி வேண்டுமென்றே செய்ததுபோல் தெரிந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தது, மென்பொருள் இல்லை. 2024 ஜனவரியில் ஷோல்டோ டேவிட் என்ற வேல்ஸ்காரர் தன் வலைப்பதிவில் எழுதியபின், பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையம் 6 கட்டுரைகளைத் திரும்பப் பெறவும் 31 கட்டுரைகளைத் திருத்தவும் நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. சம்பளம் வாங்கிச் சரிபார்க்க வேண்டியவர்கள் விட்டதை, சம்பளமில்லாத ஒருவர் பிடித்தார்.

நீட்டிப்பின் எரிச்சல்களும் உண்டு. கருத்து இருக்கிறது என்று மட்டும்தான் பட்டை சொல்லும், அது கொலைக்குற்றமா எழுத்துப்பிழையா என்று சொல்லாது. 2016-ல் ஒரு கணிப்பொறி நிரல் 50,000-க்கும் மேற்பட்ட உளவியல் கட்டுரைகளின் புள்ளியியல் எண்களைச் சரிபார்த்துத் தானாகவே பப்பியரில் அறிக்கை போட்டுவிட்டது, பிழையே இல்லை என்று சொல்லும் அறிக்கை உட்பட. உளவியல் படிக்கும் என் தோழிக்கு எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் பட்டை, ஒரு வாரத்தில் நீட்டிப்பை எடுத்துவிட்டாள். தனிப்பட்ட பகையில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர் பொறுமையாக மூலப் படத்தைக் கொண்டுவந்து காட்டி விளக்கிய பிறகும் பட்டை போகாது. கருத்தைத் திறந்து முழுதாகப் படிக்கிற பொறுமை இல்லாதவர்கள் இதைப் போடாமல் இருப்பதே நல்லது.

பெயர் சொல்லாமல் எழுதுவது கோழைத்தனம் என்று இங்கே மூத்த ஆய்வாளர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. சிங்கப்பூரில் போஸ்ட்டாக்குகளில் பெரும்பகுதி வெளிநாட்டவர். சென்னையிலிருந்தும் ஷாங்ஹாயிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். வேலை அனுமதிச்சீட்டு முதலாளியோடு கட்டப்பட்டது, ஒப்பந்தம் நீளுமா என்பது அநேகமாகப் பிஐ, அதாவது ஆய்வகத் தலைவர், ஒருவரின் கையில். பிள்ளை பள்ளியில் படிக்கிறது, வீட்டு வாடகை கையைக் கடிக்கிறது. இவர் தன் பெயரில், தன் மேலதிகாரியின் நண்பருடைய கட்டுரையில் படம் சரியில்லை என்று எழுதுவாரா? நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில், வெளியான ஒரு முடிவைத் திரும்பச் செய்து பார்க்கச் சொல்லி ஒரு போஸ்ட்டாக்கை வைத்தார்கள். வரவில்லை. ஆன்டிபாடி மாற்றினார், செல் மாற்றினார், வரவில்லை. லேப் மீட்டிங்கில் ஒவ்வொரு முறையும் அவருடைய கைத்திறனைப் பற்றித்தான் பேச்சு, மூலக் கட்டுரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார், வரவில்லை என்ற அந்தத் தகவலும் அவரோடு போய்விட்டது. எந்த ஜர்னலிலும் இல்லை, எந்தப் பட்டையும் அதைக் காட்டாது.

அவர் கை சரியில்லை என்று இன்னும் நினைப்பவர்களுக்கு: 2012-ல் ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் முன்னாள் ஆய்வுத் தலைவர் க்ளென் பெக்லியும் லீ எல்லிஸும் நேச்சரில் எழுதினார்கள், புற்றுநோய்த் துறையின் 53 முக்கியக் கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் உறுதிப்பட்டவை 6. இன்னொரு குழு 53 கட்டுரைகளிலிருந்து 193 பரிசோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்டு, விவரமும் பொருளும் கிடைக்காமல் இழுபட்டு, 2021-ல் முடித்தபோது 23 கட்டுரைகளின் 50 பரிசோதனைகளைத்தான் செய்ய முடிந்திருந்தது. இதில் எல்லாமே பொய் என்று அர்த்தமில்லை. சின்ன மாதிரி, நல்லதாக வந்த ஒரு தடவையை மட்டும் எழுதுவது, செய்முறையைப் பாதியாக எழுதுவது, அதிர்ஷ்டம், இவை எல்லாம் சேர்ந்தது. திரும்பச் செய்து பார்ப்பதற்கென்று யாரும் பணம் தருவதில்லை, அதைச் செய்தவருக்கு வேலையும் கிடைப்பதில்லை.

நம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு அரசு முதலில் ஒதுக்கியது 25 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். ஆய்வு நேர்மைக்கான உலக மாநாடு 2010-ல் இங்கேதான் நடந்தது, அதில் பிறந்த சிங்கப்பூர் அறிக்கையில் 4 கொள்கைகளும் 14 பொறுப்புகளும் இருக்கின்றன, உலகமெங்கும் பயிற்சி வகுப்பில் காட்டுகிறார்கள். அடுத்த இரண்டரை வருடத்துக்குள், 2012 டிசம்பரில், என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) தன் முன்னாள் ஆய்வாளர் ஒருவரின் 21 கட்டுரைகளில் முறைகேட்டைக் கண்டதாக அறிவிக்க நேர்ந்தது. விசாரித்து, வெளியே சொன்னார்கள், அது பாராட்ட வேண்டியது. ஆனால் வேலைத்திறனை அளக்கும் கேபிஐ தாளில் எத்தனை கட்டுரை, எந்த ஜர்னல் என்ற கட்டம்தான் முதலில் இருக்கிறது, பழையதைச் சரிபார்த்தோம் என்பதற்கு நான் பார்த்த எந்தத் தாளிலும் கட்டமே இல்லை. இந்தியாவிலும் பிஎச்டி ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல்தான் எடுத்தது. அந்த விதி இருந்தபோது காசு கொடுத்தால் கட்டுரை போடும் ஜர்னல்கள் எப்படிக் கொழுத்தன என்று தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள்.

காசு கொடுத்தால் கட்டுரையையே எழுதித் தருகிற ஆலைகளும் உண்டு. 2023-ல் உலகம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அதில் 8,000-க்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்துடையவை. அதை 2021-ல் வைலி ஏறத்தாழ 30 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியிருந்தது, கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டது. என் ஸோட்டெரோவில் திடீரென்று நிறைய சிவப்பு பூத்தது அந்தச் சமயத்தில்தான், பெரும்பாலும் சிறப்பிதழ்க் கட்டுரைகள்.

மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் கவனிக்க: 2018-ல் சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் களவுபோன பிறகு, பொது மருத்துவமனைகளின் வேலைக் கணினிகளில் இணையம் பிரிக்கப்பட்டது. உங்கள் அலுவலகக் கணினியில் இவற்றை நிறுவ முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஆய்வுத் தாதி ஒருவர் வீட்டு மடிக்கணினியில்தான் இந்த வேலையை வைத்துக்கொள்கிறார்.

விலை: ஸோட்டெரோவில் பிடிஎஃப்களை இணையத்தில் சேமிக்க 300 எம்பி இலவசம், சீக்கிரம் நிறைந்துவிடும். 2 ஜிபிக்கு வருடம் 20 அமெரிக்க வெள்ளி. கஞ்சத்தனம் பார்ப்பவர்கள் பதிவுகளை மட்டும் ஒத்திசைத்து, பிடிஎஃப்களைச் சொந்த வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம், எச்சரிக்கைக்கு அது தடையில்லை. பல்கலைக்கழகம் என்ட்நோட் என்ற கட்டண மேற்கோள் மென்பொருளை வாங்கித் தந்திருந்தால் அதன் அண்மைப் பதிப்புகளிலும் இதே தரவை வைத்த எச்சரிக்கை வருகிறது, மாற வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் அன்று என்ட்நோட் உரிமம் உங்களோடு வராது, ஸோட்டெரோ வரும்.

ஸோட்டெரோ எச்சரிக்கைக்கு ஐந்துக்கு நாலரை. பப்பியர் நீட்டிப்புக்கு மூன்றரை, இரைச்சலுக்காகக் குறைத்தேன், பயத்தில் வாய் திறக்க முடியாதவர்களுக்கு இடம் கொடுப்பதால் அதற்குக் கீழே போக மனமில்லை.

அந்த அரை மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், சிவப்பு ஒரே சிவப்பாக இருக்கிறது. 2018-ல் வேதியியல் நோபல் வாங்கிய ஃபிரான்சஸ் ஆர்னால்ட், 2019-ல் சயன்ஸில் வந்த தன் குழுவின் கட்டுரையைத் திரும்பச் செய்ய முடியவில்லை என்று தெரிந்ததும், 2020 ஜனவரி தொடக்கத்திலேயே ட்விட்டரில் தானே வந்து, வேலையாக இருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டு அறிவித்தார். ஆலையில் வாங்கிய போலிக் கட்டுரைக்கும் இதற்கும் என் திரையில் அதே பெருக்கல் குறி, அதே பட்டை. காரணம் உள்ளே எழுதியிருக்கிறது, உண்மைதான், ஆனால் பட்டியலை ஓட்டிப் பார்க்கும்போது யார் உள்ளே போய்ப் படிக்கிறார்கள்? தானாக முன்வந்து திரும்பப் பெற்றவர்களுக்கு வேறொரு நிறம் கொடுங்கள், மஞ்சளோ நீலமோ. அந்தத் தகவல் தரவுத்தளத்தில் காரணங்களாக ஏற்கனவே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது, திரைக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.